பெயர் சூட்டுவதற்காக ஓர் உயிர்



சிவராத்திரிக்கு முந்திய வெள்ளிக்கிழமை, ஆலயத்தில் பூசை முடிந்து வீடு திரும்பித் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், எமது குடும்பத்தில் ஒரு கேள்வி எழுந்தது. அன்று தொடக்கம் இன்றுவரை அக்கேள்வி எம்மை விட்டு அகலவில்லை. இது எமது வீட்டுக்கு மாத்திரம் உரிய கேள்வியன்று, நம் பிள்ளைகள் பயிலும் கல்விக்கும் நாம் கைக்கொள்ளும் சமயத்துக்கும் இடையில் எந்த வீட்டிலும் எழக்கூடியது என்று எண்ணியதால் இங்கே எழுத முன்வந்தோம்.

எமது மகள் ஒஸ்லோவிலே உயிரியல் பயில்கிறாள். இலங்கையின் மலைக்காடுகளில் தவளைகளை ஆராயும் ஒரு குழுவுடன் கோடை விடுமுறையில் உதவியாளராகச் சென்றுவர அவளுக்கு வாய்ப்பொன்று கிடைத்திருக்கிறது. இதுவரை எவரும் பதிவு செய்யாத தவளை இனம் ஏதும் அகப்படலாம் என்று கண்கள் மின்னக் கூறினாள். நாமும் மகிழ்ந்தோம். பிள்ளை தன் பெற்றோர் பிறந்த தீவைப் பார்க்கப் போகிறாளே என்பது எமது மகிழ்ச்சிக்கு முதற்காரணம். ஆனால் எமது தாயார், பிள்ளையின் அப்பம்மா, ஒரு கேள்வி கேட்டார்.

“புதுத் தவளை எண்டு எப்பிடிப் பிள்ளை ஆக்களுக்குக் காட்டுவியள்?”

மகள் மறைக்கவில்லை. “பிடிச்சு, மயக்கி, சாகப்பண்ணி, போத்தலிலை போட்டு நூதனசாலையிலை வைக்க வேணும் அப்பம்மா” என்றாள்.

“பேர் வைக்கிறதுக்கு ஒரு சீவனைக் கொல்லுறதோ?”

வீட்டில் எவரும் பேசவில்லை. அப்பம்மா பிறந்தநாள் தொட்டு மச்சம் மாமிசம் தொடாதவர். குளியலறையிற் காணும் சிலந்தியைக்கூடக் கடதாசியில் ஏந்தி வெளியே விடுபவர். கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் இறைவன் படியளக்கிறான் என்று எமக்குச் சிறுவயதிற் சொல்லித் தந்தவரும் அவரே. அந்தத் தேரையை அல்லவா இப்போது போத்தலில் அடைக்கப் போகிறார்கள்!

முதலில் ஒரு தவளை இனத்தை அறிவுலகுக்கு அறிமுகஞ் செய்வது எவ்வாறு என்பதை, மகளிடம் கேட்டறிந்தவாறு சுருக்கமாகக் கூறுவோம். இரவு வேளையிலே, மழை பெய்து ஓய்ந்த காட்டில், ஆய்வாளர்கள் விளக்குடன் நின்று காது கொடுத்துக் கேட்பார்கள். ஆண் தவளை பெண் தவளையை அழைக்கும் குரல் இனத்துக்கு இனம் வேறுபடும். பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரு தவளைகள் குரலால் வேறெனத் தெரிய வருவதுண்டு. குரலைப் பதிவு செய்து, தவளையைப் பிடித்து, படமெடுத்து, பின் மயக்கமருந்தால் உயிர் நீக்கி, மரபணுச் சோதனைக்காகச் சிறு தசைத்துண்டு எடுத்து, உடலைப் பதப்படுத்தி மதுசாரத்தில் வைப்பார்கள். மூக்கு நுனி முதல் உடலின் பின்முனை வரையுள்ள நீளம், விரல்களின் நீளம், விரலிடைச் சவ்வின் அளவு என்பன யாவும் அளக்கப்படும். தெரிந்த இனங்கள் அனைத்துடனும் ஒப்பிட்டு, எதனோடும் பொருந்தவில்லை என்று நிறுவிய பின்பே ஆய்விதழில் பெயருடன் வெளியிடுவார்கள். அந்தப் பெயரைத் தாங்கும் மாதிரியாக ஓர் உடல் குறிக்கப்படும். பிற்காலத்தில் ஐயம் எழுமாயின் அந்த உடலே சாட்சி. பெரும்பாலும் அதனுடன் மேலும் சில உடல்களும் வைக்கப்படுகின்றன. ஆகவே ஒரு பெயருக்கு ஓர் உயிர் என்றுகூடச் சொல்ல முடியாது. ஐந்தாறு உயிர்கள் ஆகலாம்.

தவளை தன் வாயால் கெடும் என்பது நம் பழமொழி. அது பாம்பை எண்ணிச் சொல்லப்பட்டது. இன்று ஆய்வாளனும் அதே குரலைக் கேட்டே வருகிறான்.

அடுத்து, “கண்டுபிடிப்பு” என்ற சொல்லைச் சற்று ஆராய வேண்டும். 2003ஆம் ஆண்டில் எஸ். டி. பிஜு, பிராங்கி பொசுயிற் என்னும் இருவர் கேரளத்து மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து ஊதா நிறத் தவளையொன்றை உலகுக்கு அறிவித்தனர். கூர்மூக்குடைய அத்தவளைக்கு மூக்கைக் குறிக்கும் வடசொல்லைச் சேர்த்து நாசிகாபத்ராகஸ் என்று பெயரிட்டனர். அதன் நெருங்கிய உறவினங்கள் கடல் கடந்து சீசெல்சுத் தீவுகளில் வாழ்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நிலப்பரப்புகள் பிரிந்ததற்கு அது உயிருள்ள சான்று என்பதால் உலகமே வியந்தது. ஆனால் ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் வாழ்ந்து, மழை தொடங்கும்போது சில நாட்களே வெளியே வரும் அத்தவளையை அவ்வூர் மக்கள் முன்பே அறிந்திருந்தார்கள். பாதாளத் தவளை என்று மலையாளத்தில் பெயரும் வைத்திருந்தார்கள். அதன் வாற்பேத்தையை 1918ஆம் ஆண்டளவிலேயே விலங்கியலாளர் விவரித்திருந்தனர். அது யாருடைய பிள்ளை என்பதே தெரியாதிருந்தது.

2017இல் தமிழ்நாட்டில், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து மலைச்சரிவிலிருந்து அதன் சகோதர இனமென ஒன்று விவரிக்கப்பட்டது. மேற்குச் சரிவிலுள்ளது தென்மேற்குப் பருவமழையில் இனம் பெருக்க, கிழக்குச் சரிவிலுள்ள இது நம் ஐப்பசி மழையாகிய வடகீழ்ப் பருவமழைக்குக் காத்திருக்கிறது. கோயம்புத்தூரிலே ஊர்வன, நீர்நில வாழ்வன பற்றி ஆராய்ந்து, 2014இல் மலையிற் களப்பணியின்போது விபத்தில் உயிர் நீத்த சுப்பிரமணியம் பூபதி என்ற அறிஞரின் நினைவாக அதற்கு பூபதி என்ற பெயரே சூட்டப்பட்டது.

எனவே, கண்டுபிடிப்பு என்பது முதலிற் கண்டதைக் குறிக்கவில்லை. எல்லாரும் சரிபார்க்கக்கூடிய வகையில் முதலில் எழுதி வைத்ததையே குறிக்கிறது. தவளைக்கு அதனால் ஒன்றும் கூடவுமில்லை, குறையவுமில்லை. பெயர் மனிதர்களாகிய நமக்கே தேவைப்படுகிறது. அப்படியாயின் நமது தேவைக்காக அது ஏன் சாக வேண்டும்? அப்பம்மாவின் கேள்வி இங்கேதான் வலுப்பெறுகிறது.

இக்கேள்வியைச் சமயப் பற்றுள்ள மூதாட்டி ஒருவரின் பழங்காலக் கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. 2014ஆம் ஆண்டு சயன்ஸ் என்னும் புகழ்பெற்ற ஆய்விதழிலே பென் மின்ரியர் முதலிய நால்வர் இதையே எழுதினார்கள். மிக அருகிய உயிரினங்களைச் சான்றுக்காகக் கொல்வதைத் தவிர்க்க வேண்டும், படம், குரற்பதிவு, தோலில் ஒற்றியெடுக்கும் மரபணு ஆகியவற்றை இயன்றவரை பயன்படுத்த வேண்டும் என்பது அவர்கள் வாதம். நம் நோர்வேக்கு அயலிலேயே இதற்கொரு கசப்பான பாடமுண்டு. பறக்க இயலாத பெரிய ஓக் பறவை அருகிப் போகப் போக, சேகரிப்பாளர்கள் அதன் தோலுக்கும் முட்டைக்கும் மேலும் மேலும் விலை கொடுத்தனர். 1844இல் ஐஸ்லாந்தை அடுத்த எல்டே தீவில் கடைசிச் சோடி கொல்லப்பட்டது. அறிவின் மீதுள்ள ஆசையும் ஆசைதான். அதுவும் அளவு கடக்கும்.

ஆயினும் நூற்றுக்கு மேற்பட்ட அறிஞர்கள் அதே இதழில் அந்நால்வருக்கு மறுமொழி எழுதினார்கள். முறைப்படி சிலவற்றைச் சேகரிப்பதால் இனங்கள் அழிந்ததாகச் சான்று இல்லை, உடல் இல்லாமற் பல கேள்விகளுக்கு விடை காண இயலாது என்றனர். அவர்கள் கூற்றில் உண்மை உண்டா என்று பார்க்க நாம் தூரம் போக வேண்டியதில்லை. எமது சொந்தத் தீவையே பார்க்கலாம்.

இலங்கையின் மலைநாட்டில் வாழும் சிறு புதர்த்தவளைகள் பல பெருவிரல் நகமளவே இருக்கும். இவற்றுக்கு வாற்பேத்தைப் பருவமே இல்லை. ஈரமண்ணிலோ இலையிலோ இட்ட முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளை வெளிவரும். குளம் வேண்டாம், ஆனால் ஈரக்காடு கட்டாயம் வேண்டும். 1990இல் வனசீவராசிகள் மரபு நிதியம் என்ற அமைப்பைத் தொடங்கிய ரொஹான் பெத்தியகொட, அவருடன் கெலும் மனமேந்திர ஆராச்சி, மதாவ மீகஸ்கும்புர முதலியோர் ஆண்டுக்கணக்கில் காடு காடாக அலைந்து இவற்றைத் தேடினர். மரத்தவளைக் குடும்பத்தில் மாத்திரம் நூறளவான இனங்கள் இச்சிறு தீவில் உள்ளன என்று 2002இல் அவர்கள் அறிவித்தபோது உலகம் வியந்தது. 2005ஆம் ஆண்டில் மட்டும் முப்பத்தைந்து புதிய இனங்களுக்குப் பெயரிட்டனர்.

ஆனால் அதே தேடலில் வேறொன்றும் தெரிய வந்தது. 19ஆம் நூற்றாண்டில் விவரிக்கப்பட்ட பல தவளைகளை எங்கு தேடியும் காணோம். பதினைந்துக்கு மேற்பட்டவை அழிந்தனவாகக் கருதப்பட்டன. எல்லாவற்றிலும் துயரமானது 2007இல் நடந்தது. இலண்டன் நூதனசாலையில் நூற்றாண்டுக்கு மேலாகப் போத்தல்களில் இருந்த பழைய இலங்கைத் தவளைகளை ஆராய்ந்தபோது, அவற்றுள் இரண்டு, யாரும் பெயரிட்டிராத தனி இனங்கள் என்று தெரிந்தது. மாயா, பார்துஸ் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த நாளிலேயே அவை அழிந்த இனங்கள் என்றும் எழுத வேண்டியதாயிற்று. அந்தச் சில உடல்களை அக்காலத்தில் ஒருவர் போத்தலில் இட்டிராவிட்டால், அப்படி இரு இனங்கள் இவ்வுலகில் வாழ்ந்தன என்பதே எவருக்கும் தெரியாது போயிருக்கும்.

இன்னொன்று சற்று ஆறுதலானது. 1853இல் கேலார்ட் என்ற மருத்துவர் உடலெங்கும் விண்மீன் போன்ற புள்ளிகளுள்ள தவளையொன்றை விவரித்தார். அவர் வைத்த மாதிரி பின்னர் காணாமற் போயிற்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் எவரும் அதைக் காணவில்லை. 2009இல் மெண்டிஸ் விக்கிரமசிங்க குழுவினர் அதை உயிருடன் கண்டனர். எங்கே தெரியுமா? நாம் சிவனொளிபாதமலை என்று கைகூப்பும் மலையைச் சூழ்ந்த காட்டிலே. அதே காட்டிலிருந்து மேலும் எட்டுப் புதிய இனங்களை 2013இல் விவரித்தார்கள். தலைமுறை தலைமுறையாக அடியார்கள் ஏறிய மலை அது. படியின் அருகே இலைமறைவில் இருந்தவற்றுக்குப் பெயரில்லை என்பதை நாம் ஒருநாளும் எண்ணியதில்லை.

பெயரில்லாமற் போனால் என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு இங்கிலாந்தின் கதையொன்று. குளத்தவளை என்னும் ஓரினம் அங்கே நோர்ஃபோக் பகுதியில் வாழ்ந்தது. அது வெளியிலிருந்து யாரோ கொண்டுவந்து விட்ட தவளை, இம்மண்ணுக்குரியதன்று என்று கருதியதால் அதைக் காக்க எவரும் முனையவில்லை. 1990களில் அது அங்கே அற்றுப் போயிற்று. அதன் பின்னரே குரலையும் மரபணுவையும் பழைய எலும்புகளையும் ஆராய்ந்து, அது நோர்வே, சுவீடன் ஆகிய நாடுகளிலுள்ள வடபுல வகையைச் சேர்ந்த உள்நாட்டு இனமே என்று நிறுவினார்கள். 2005 முதல் சுவீடனிலிருந்து தவளைகளைக் கொண்டுவந்து மீண்டும் குடியேற்றினார்கள். நோர்வேயிலோ அத்தவளை இருப்பதே 1996இல்தான் அறிவிக்கப்பட்டது. தெற்கே ஆஸ்ட் ஆக்டர் பகுதியில் விரல்விட்டு எண்ணத்தக்க சிறு குளங்களில் மாத்திரம் அது வாழ்கிறது. இன்று இந்நாட்டின் மிக அருகிய முள்ளந்தண்டு விலங்குகளில் ஒன்றாகச் சட்டம் அதைக் காக்கிறது. யார் என்று எழுதப்பட்ட பின்னரே காவல் கிடைத்தது.

இதைப் படிக்கும்போது எமது நினைவு பின்னோக்கி ஓடியது. இந்நாட்டுக்கு வந்த முதல் மாதங்களில் எம்மை யாரென்று நிறுவ நாம் பட்ட பாட்டை நம்மிற் பலர் மறந்திருக்க மாட்டோம். பெயர் பதிந்து, பதினோரிலக்க எண் கிடைக்கும்வரை வங்கியும் இல்லை, வீடும் இல்லை, வைத்தியரும் இல்லை. நாம் இருந்தோம், மூச்சு விட்டோம், ஆனாற் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை. பெயர் பதிவதன் பெறுமதியை நம்மைவிட நன்கறிந்தவர் யார்?

என்றாலும் இவ்வுவமையை நாம் அதிகம் நீட்டக்கூடாது. எம்மைப் பதிவு செய்ய எம்மில் ஒருவரை எவரும் கொல்லவில்லை. தவளையிடம் எவரும் சம்மதம் கேட்கவுமில்லை. “உன் இனத்தின் நன்மைக்காகவே உன்னைக் கொல்கிறோம்” என்ற பேச்சு, வலியவன் எளியவனிடம் எக்காலத்திலும் சொல்லி வந்த பேச்சு. அதைக் கேட்கும்போது நம்மைப் போன்றோர் சற்று அஞ்சத்தான் வேண்டும்.

அப்படியானால் போகாதே என்று மகளைத் தடுத்துவிடலாமா? எமது மனம் அந்தப் பக்கம் சாய்ந்தபோது, கையிலிருந்த தேநீர்க் கோப்பையை மகள் சுட்டிக்காட்டினாள். அந்தத் தவளைகள் எதனால் அழிந்தன என்று கேட்டாள். இலங்கையின் ஈரவலயக் காட்டில் ஏறத்தாழ 95 வீதம் இன்று இல்லை. ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் மலைகளைக் கோப்பிக்காக வெட்டினார்கள். 1869இல் இலைநோய் தொடங்கிக் கோப்பி அழிந்தபின் தேயிலை நட்டார்கள். வெட்ட முடிவெடுத்தவர்கள் துரைமார். அத்தோட்டங்களில் உழைத்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியே நடத்தி அழைத்துவரப்பட்ட நம் உறவுகள். வழியிலும் மலையிலும் மாண்ட அவர்களிற் பலருடைய பெயரையும் எவரும் எழுதி வைக்கவில்லை. அந்த மலைத் தேயிலையையே நாம் வெள்ளிக்கிழமை விரதம் முடித்துப் பாலும் சீனியும் கலந்து அருந்துகிறோம். நூதனசாலைப் போத்தலில் ஐந்து தவளைகள். கோப்பைக்குப் பின்னால் அழிந்தவற்றுக்கு எண்ணிக்கையே இல்லை.

கண்ணாற் கண்ட கொலையை மாத்திரம் கொலையென்று எண்ணிப் பழகிவிட்டோம் என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். திருவள்ளுவர் கொல்லாமைக்குத் தனி அதிகாரமே வகுத்தார். அதை நம் கறிச்சட்டியோடு நிறுத்திக்கொள்வது எளிது. காடு வெட்டுவதும் சதுப்பு நிலத்தை மூடுவதும் அதிற் சேருமா என்று நாம் கேட்பதில்லை. இதனாற் போத்தலிலிட்ட கொலை புண்ணியமாகிவிடாது. ஆனால் அதை மாத்திரம் சுட்டி நம்மைத் தூயவர்களாக எண்ணும் உரிமை நமக்கில்லை.

பல நாள் பேசியபின் எமக்குத் தோன்றிய முடிபு இதுதான். உயிரை எடுக்காமல் அறிய வழியிருக்கும் இடத்தில் எடுப்பது தவறு. அழியும் விளிம்பில் நிற்கும் சில தவளைகளிலிருந்து ஒன்றையேனும் எடுப்பது, பெயர் கிடைத்தாலும், தவறு. காடு வெட்டப்படவிருக்கும் இடத்தில், பெயரில்லாத காரணத்தாற் காவலில்லாத ஓரினத்துக்காக, அரசின் அனுமதியுடன், வேதனை தராமல், தேவையான மிகக்குறைந்த எண்ணிக்கையை எடுப்பது பொறுக்கத்தக்கது. பொறுக்கத்தக்கது என்றுதான் சொல்கிறோம், நல்லது என்று சொல்லவில்லை. எடுத்த உடலைப் பிறர் ஆராயும்படி பேணிக் காப்பதும், பெயரைத் தம் புகழுக்காகத் தேடாதிருப்பதும், அந்தக் காட்டுக்காகப் பின்னரும் வாதாடுவதும் எடுத்தவர்களின் கடன். கடனைத் தீர்க்காதவர்களுக்கு அந்த உயிரின் மீது உரிமையில்லை.

இம்முடிபு அப்பம்மாவுக்கு முழுத் திருப்தி அளிக்கவில்லை. ஆயினும் அவர் தடுக்கவில்லை. மகளைப் பக்கத்தில் இருத்தித் திருநீறு பூசிவிட்டுச் சொன்னார்:

“போயிட்டு வா பிள்ளை. ஆனா அது பாவமில்லை எண்டு மட்டும் எனக்குச் சொல்லாதை. எத்தினை எடுத்தனியள் எண்டு கணக்கு வைச்சுக்கொண்டு வந்து என்னட்டைச் சொல்ல வேணும்.”

மகள் சம்மதித்தாள். முதற் பக்கத்தில் ஒன்றும் எழுதாத சிறிய குறிப்புப் புத்தகமொன்று இப்போது அவளுடைய பயணப்பையில் இருக்கிறது. எமக்கென்னவோ, ஆய்வாளர் சபைகள் வகுக்கும் விதிகளைவிட அப்பம்மா கேட்ட அந்தக் கணக்கே அவளுடைய கையைச் சரியான நேரத்தில் நிறுத்தும் என்று தோன்றுகிறது.

சித்திரை பிறக்கும்போது ஒஸ்லோவைச் சூழ்ந்த ஒஸ்ட்மார்க்காக் காட்டுக் குளங்களில் பனிக்கட்டி உருகும். கரையோரம் தவளைகள் மெல்லிய குரலில் உறுமும். சில நாட்களில் முட்டைத் திரள்கள் மிதக்கும். பின்னர் வாற்பேத்தைகள் திரியும். நோர்வேஜியப் பிள்ளைகள் அவற்றை ரும்பெத்ரோல், அதாவது வாலுள்ள பூதம் என்பார்கள். எமது மகளும் சிறுவயதில் பாலர் பாடசாலையாரோடு போய்ச் சிலவற்றை வாளியில் ஏந்திப் பார்த்து, மீண்டும் அதே குளத்தில் விட்டு வந்தாள். இவ்வாண்டு நம் பிள்ளைகளையும் பெரியோரையும் அழைத்துச் சென்று ஒருமுறை அக்குரலைக் கேட்கச் செய்யுங்கள். பெயர் தெரிந்தால் சொல்லிக் கொடுங்கள். தெரியாவிட்டாற் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

எமது முடிபை ஏற்காதவர்கள் இருப்பார்கள் என்பதை அறிவோம். அவர்கள் தம் கருத்தை இம்மடலுக்கு எழுத வேண்டுமென அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். பிள்ளைகள் நோர்வேஜிய மொழியிலும் எழுதலாம். எந்த மொழியில் வந்தாலும் அப்பம்மாவுக்கு வாசித்துக் காட்டுவோம்.